ஜெர்மனியில் படித்துக்கொண்டே ஊர் சுற்ற முடியுமா?

கேள்வி இது: அக்டோபரில் ஜெர்மனியில் முதுகலை தொடங்குகிறது. படிப்புக்கு நடுவே ஐரோப்பாவைச் சுற்றிப் பார்க்க நேரமும் பணமும் கிடைக்குமா? மாணவர் விசாவை வைத்துக்கொண்டு பக்கத்து நாடுகளுக்குப் போகலாமா? முன்னால் போனவர்கள் வாரத்துக்கு ஒரு நாடு என்று படம் போடுகிறார்களே, அது எப்படி?

கடைசிக் கேள்வியில் இருந்தே வருகிறேன். வாரத்துக்கு ஒரு நாடு போகிறவர்கள் உண்மையிலேயே இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஒரே ஒரு செமஸ்டருக்கு எக்ஸ்சேஞ்சில் வந்தவர்கள். நாலு பாடம் எடுத்து, தேர்ச்சி பெற்றால் போதும் என்ற நிலையில் இருப்பவர்கள். இரண்டு வருடம் முழுப் பட்டத்துக்குப் போகிறவரின் கதை வேறு. அவர்கள் படங்களைப் பார்த்து உங்கள் திட்டத்தைப் போட வேண்டாம்.

நான் அங்கே படித்து, அப்புறம் வேலைக்கும் அங்கேயே தங்கியவன். நான் பார்த்தவரை ஒரு மாணவர் எவ்வளவு சுற்றுகிறார் என்பதைப் பணத்தைவிட அதிகமாகத் தேதிகள் முடிவு செய்கின்றன. தேர்வு நடக்கும் தேதி, குடியிருப்பு அட்டை காலாவதியாகும் தேதி, டிக்கெட்டை ரத்து செய்யக் கடைசித் தேதி, இப்படி. கையில் காசு இருந்தும் அறையிலேயே உட்கார்ந்திருந்தவர்களும் உண்டு. பகுதி நேர வேலைச் சம்பளத்தில் நாட்டின் நாலு மூலையும் பார்த்தவர்களும் உண்டு. வித்தியாசம் பெரும்பாலும் நாட்காட்டியில்தான் இருந்தது.

முதலில் அந்த நாட்காட்டி. பல்கலைக்கழகங்களில் குளிர்கால செமஸ்டர் அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை, கோடைகால செமஸ்டர் ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 30 வரை. ஆனால் வகுப்பு நடப்பது ஏறக்குறைய அக்டோபர் நடுவிலிருந்து பிப்ரவரி நடு வரையும், ஏப்ரல் நடுவிலிருந்து ஜூலை நடு வரையும்தான். தொழில்முறைப் படிப்புக்கான ஹோஹ்ஷூலே வகைக் கல்லூரி என்றால் எல்லாமே கிட்டத்தட்ட ஒரு மாதம் முன்னால் தொடங்கும். இதைப் பார்த்துவிட்டு வருடத்தில் ஐந்து மாதம் விடுமுறை என்று கணக்குப் போட்டால் ஏமாந்து போவீர்கள். தேர்வுகள் வகுப்பு முடிந்த பிறகுதான் வரும். பல துறைகளில் வகுப்பு முடிந்த உடனே சில தேர்வுகள், செமஸ்டர் முடியப்போகும் மார்ச் கடைசியிலோ செப்டம்பர் கடைசியிலோ மீதித் தேர்வுகள் என்று இரண்டு முனையிலும் வைத்துவிடுவார்கள். நடுவே செமினார் கட்டுரை ஒன்று எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும். பொறியியல் என்றால் ஆய்வக வேலை, இன்டர்ன்ஷிப் எல்லாம் அந்த இடைவெளியில்தான் நுழையும்.

அதனால் தேர்வு அட்டவணை வெளிவரும் வரை விமான டிக்கெட் எடுக்காதீர்கள். பாதி செமஸ்டர் போன பிறகுதான் சரியான தேதி தெரியும். மலிவு டிக்கெட் அதற்கு முன்பே கண்ணைச் சிமிட்டும். பொறுத்துக்கொள்ளுங்கள். தேர்வுக்குப் பெயர் பதிவதற்கும் விலகுவதற்கும் தனித்தனிக் கடைசித் தேதி உண்டு. விலகாமல், தேர்வுக்கும் போகாமல் இருந்தால் அது தோல்விக் கணக்கில் சேர்ந்துவிடும். பல படிப்புகளில் ஒரு பாடத்துக்கு மூன்று வாய்ப்புதான். கட்டாயப் பாடத்தில் கடைசி வாய்ப்பும் போனால் அந்தப் படிப்பிலிருந்தே வெளியேற்றிவிடுவார்கள், அதே படிப்பை நாட்டின் வேறு பல்கலைக்கழகத்தில் தொடர்வதும் பெரும்பாலும் நடக்காது. படிப்பு போனால் குடியிருப்பு உரிமையும் ஆட்டம் காணும். ஒரு ரோம் பயணத்துக்கு இவ்வளவு விலை அதிகம்.

செமஸ்டருக்கு உள்ளேயும் சின்னச் சின்ன ஜன்னல்கள் திறக்கும். கிறிஸ்துமஸுக்கு ஏறக்குறைய இரண்டு வாரம் வகுப்பு இருக்காது. மே மாதத்தை ஒட்டி வரும் இயேசு விண்ணேற்ற விடுமுறை எப்போதும் வியாழக்கிழமைதான். வெள்ளியைச் சேர்த்தால் நாலு நாள். பதினொரு நாள் கழித்து பெந்தெகொஸ்தே திங்கள் வரும், சில பல்கலைக்கழகங்களில் அந்த வாரம் முழுவதுமே வகுப்பு கிடையாது. அதற்கடுத்து இன்னொரு வியாழன், கிறிஸ்துவின் திருவுடல் விழா. இது பவேரியா, பாடன்-வூர்ட்டம்பெர்க், நார்த்ரைன்-வெஸ்ட்ஃபாலியா போன்ற கத்தோலிக்கர் அதிகமுள்ள மாநிலங்களில் விடுமுறை. பெர்லினில் படிப்பவருக்கு அன்றைக்கு வழக்கம்போல வகுப்பு. ஒரே சிக்கல், இந்த நாட்களில் உங்களுக்கு மட்டும் இல்லை, ஊருக்கே விடுமுறை. ரயிலில் நிற்க இடம் இருக்காது, விலையும் ஏறிவிடும். மாணவராக இருப்பதன் உண்மையான வசதி வேறு எங்கோ இருக்கிறது: செவ்வாயோ புதனோ வகுப்பில்லாத ஒரு சாதாரண நாள். அட்டவணை போடும்போதே ஒரு வார நாளைக் காலியாக வைக்க முடிகிறதா என்று பாருங்கள். வேலைக்குப் போகிறவருக்கு அது கிடைக்காது.

அடுத்து டிக்கெட். இதைப் பற்றி மட்டும் ஒரு நாள் முழுக்கப் பேசலாம்.

2023 மே மாதம் டாய்ச்லாண்ட் டிக்கெட் வந்தது. அப்போது மாதம் 49 யூரோ. 2025 ஜனவரியில் 58 ஆகி, 2026 ஜனவரியிலிருந்து 63. இதை வைத்துக்கொண்டு நாடு முழுவதும் நகரப் பேருந்து, டிராம், சுரங்க ரயில், எஸ்-பான், ஆர்பி, ஆர்இ என்ற பிராந்திய ரயில்கள் எல்லாவற்றிலும் ஏறலாம். ஐசிஇ, ஐசி, இசி போன்ற விரைவு ரயில்களிலும், நீண்டதூரத் தனியார் பேருந்துகளிலும் செல்லாது. பல பல்கலைக்கழகங்களில் செமஸ்டர் கட்டணத்துக்குள்ளேயே இதன் மாணவர் வடிவம் அடங்கியிருக்கும். அதன் விலை பொது விலையில் 60 சதவீதம். அப்படி இருந்தால் வேறு எதுவும் யோசிக்க வேண்டாம். உங்கள் பல்கலைக்கழகத்தில் இல்லை என்றால் தனியாக மாதச் சந்தா எடுக்கலாம், வேண்டாத மாதத்துக்கு முந்தைய மாதம் 10ஆம் தேதிக்குள் ரத்து செய்ய வேண்டும். 11ஆம் தேதி நினைவு வந்து பயனில்லை.

இந்த டிக்கெட்டின் அருமை தலைநகரங்களில் தெரியாது, சின்ன ஊர்களில்தான் தெரியும். டிரெஸ்டனிலிருந்து எஸ்1 ரயில் எல்பே ஆற்றை ஒட்டியே போகும். சுமார் 40 நிமிடத்தில் ராத்தன் என்ற நிலையம். இறங்கி நடந்தால் ஆறு குறுக்கே வரும், ஊரின் மறுபாதி அக்கரையில். பாலம் கிடையாது, படகுதான். அந்தப் படகைச் செலுத்துவது மோட்டார் இல்லை. ஆற்றில் மேலே வெகுதூரத்தில் நங்கூரம் போட்டு, அங்கிருந்து வரும் கம்பிக் கயிற்றில் படகைக் கட்டியிருக்கிறார்கள். கரையிலிருந்து விடுவித்துச் சற்றே சாய்த்துப் பிடித்தால், ஓடிவரும் தண்ணீர் அதைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே போய் அக்கரையில் சேர்த்துவிடும். திரும்பி வர, சாய்வை மறுபக்கம் மாற்ற வேண்டியதுதான். புகையும் இல்லை, இரைச்சலும் இல்லை, தண்ணீர் பலகையில் மோதும் சத்தம் மட்டும். படகுக்குச் சில்லறை தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அக்கரையில் இறங்கி ஏறினால் பாஸ்டை பாறை, ஆற்றிலிருந்து 194 மீட்டர் உயரம். பாறைகளுக்கு நடுவே 1851இல் கட்டிய மணற்கல் பாலம். மேலே நின்று கீழே பார்த்தால் நீங்கள் வந்த படகு ஒரு தீப்பெட்டி அளவுக்கு இருக்கும். காலையில் கிளம்பி மாலைக்குள் டிரெஸ்டன் திரும்பிவிடலாம்; அடுத்த நாள் வகுப்புக்குப் போகலாம்.

அதே டிரெஸ்டனிலிருந்து கிழக்கே போனால் கோர்லிட்ஸ், நாட்டின் கிழக்கு ஓர நகரம். பழைய நகரத்திலிருந்து நைஸே ஆற்றின் மேல் ஒரு நடைபாலம்; அக்கரையில் போலந்தின் ஸ்கோஜெலெட்ஸ். மத்திய ஐரோப்பிய நேரத்துக்கு அடிப்படையான 15ஆம் தீர்க்கரேகை இந்த ஊர் வழியாகத்தான் போகிறது. கையில் கட்டியிருக்கும் கடிகாரமும் உச்சி வெயிலும் ஓரளவுக்கு ஒத்துப்போகும் ஊர் என்று சொல்லலாம், கோடையில் ஒரு மணி நேரம் தள்ளி வைப்பதை மறந்துவிட்டால். இந்த மாதிரி விஷயங்களில் ஆர்வம் இல்லாதவர் பாலத்தைத் தாண்டிப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வரலாம்.

மேற்கே இருப்பவர்களுக்கு ரைன் பள்ளத்தாக்கு. மைன்ஸிலிருந்து கோப்லென்ஸ் போகும் இடது கரைப் பிராந்திய ரயிலில் வலப்பக்க ஜன்னலோரம் உட்காருங்கள். பிங்கனைத் தாண்டியதும் ஆறு பக்கத்திலேயே வரும், எதிர்க்கரை மலைகளில் கோட்டை மாற்றிக் கோட்டை. 2002இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பகுதி இது. விரைவு ரயிலும் இதே வழியாகப் போவதுண்டு, ஆனால் பிராந்திய ரயில் நின்று நின்று போவதுதான் இங்கே லாபம். பிடித்த இடத்தில் இறங்கி அடுத்த ரயிலில் ஏறிக்கொள்ளலாம்.

சரி, குறையையும் சொல்ல வேண்டும். மியூனிக்கிலிருந்து பெர்லினுக்கு ஐசிஇ ஏறினால் நாலு மணி நேரச் சொச்சம். பிராந்திய ரயிலில் மாறி மாறிப் போனால் பத்து மணி நேரத்தை நெருங்கும், அதுவும் எல்லா இணைப்பும் கிடைத்தால். இணைப்பு ரயிலுக்கு நாலு நிமிடம் இருக்கும், உங்கள் ரயில் ஆறு நிமிடம் தாமதமாகும். பெட்டியோடு படியிறங்கி, அடுத்த நடைமேடைக்கு ஏறும்போது கதவு மூடிக்கொண்டிருக்கும். பகலில் என்றால் ஒரு மணி நேரம் போகும். இரவில் கடைசி ரயில் என்றால் அந்த ஊரிலேயே விடிய வேண்டியதுதான். கடைசிக்கு முந்தைய ரயிலைத்தான் உங்கள் கடைசி ரயிலாக நினைத்துக்கொள்ள வேண்டும். என் அளவில் மூன்று மணி நேரத்துக்கு மேல் போகும் தூரம் என்றால் முன்கூட்டியே ஐசிஇயின் சலுகை டிக்கெட் எடுப்பதே மேல். அந்த டிக்கெட்டில் குறிப்பிட்ட ரயிலில்தான் ஏற வேண்டும், ஆனால் போய்ச் சேரும் இடத்துக்கு 20 நிமிடமோ அதற்கு மேலோ தாமதமாகும் என்று தெரிந்தால் அந்தக் கட்டு தளர்ந்துவிடும், வேறு ரயிலில் ஏறலாம். ஒரு மணி நேரம் தாமதமானால் கட்டணத்தில் 25 சதவீதம், இரண்டு மணி நேரமானால் 50 சதவீதம் திரும்பக் கிடைக்கும். கேட்டால்தான் கிடைக்கும். ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம், சோம்பலால் விட்டுவிடுகிறவர்களே அதிகம்.

இனி எல்லை தாண்டும் விஷயம். ஜெர்மனியின் தேசிய விசாவோ குடியிருப்பு அட்டையோ செல்லுபடியாக இருந்தால், மற்ற ஷெங்கன் நாடுகளில் (விசா விதிகளைப் பொதுவாக வைத்திருக்கும் ஐரோப்பிய நாடுகள்) எந்த 180 நாளிலும் மொத்தம் 90 நாள் வரை சுற்றுலாவாகப் போய் வரலாம். தனி விசா வேண்டாம். ஜெர்மனியில் இருக்கும் நாட்கள் இந்த 90இல் சேராது. ஷெங்கன் என்பதும் ஐரோப்பிய ஒன்றியம் என்பதும் ஒன்றல்ல, இதில்தான் பலர் குழம்புகிறார்கள். சுவிட்சர்லாந்து, நார்வே, ஐஸ்லாந்து மூன்றும் ஒன்றியத்தில் இல்லை, ஆனால் ஷெங்கனில் உண்டு, போகலாம். அயர்லாந்தும் சைப்ரஸும் ஒன்றியத்தில் உண்டு, ஷெங்கனில் இல்லை. அவற்றுக்குத் தனி விதி. பிரிட்டனுக்குத் தனி விசா. குரோஷியா 2023 முதலும், ருமேனியாவும் பல்கேரியாவும் 2025 முதல் தரைவழி எல்லை உட்பட முழுமையாகவும் சேர்ந்துவிட்டன, அதனால் பழைய பதிவுகளில் இருக்கும் பட்டியலை நம்ப வேண்டாம்.

எல்லையில் சோதனையே கிடையாது என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டுப் போங்கள். ஆஸ்திரிய எல்லையில் 2015 முதலே சோதனை நடக்கிறது. 2024 செப்டம்பரிலிருந்து எல்லாத் தரைவழி எல்லைகளிலும் ஜெர்மனி சோதிக்கிறது. டாய்ச்லாண்ட் டிக்கெட்டை வைத்துக்கொண்டே மியூனிக்கிலிருந்து சால்ஸ்பர்க் வரை போகலாம், இரண்டு மணி நேரத்துக்குள் வேறு நாட்டில் இருப்பீர்கள். திரும்பும்போது ஃப்ரைலாசிங் நிலையத்தில் ரயில் நின்றுவிடும், போலீஸ் ஏறுவார்கள். பெட்டியில் எல்லோரிடமும் கேட்கவும் கேட்கலாம், உங்களிடம் மட்டும் கேட்கவும் கேட்கலாம். இரண்டையும் பார்த்திருக்கிறேன், இரண்டாவது நடக்கும்போது முகம் சுருங்கத்தான் செய்யும். பாஸ்போர்ட்டும் அட்டையும் அசலாகக் கையில் இருந்தால் அரை நிமிட வேலை. ஃபோனில் படம் வைத்திருந்த ஒருவரைக் கீழே இறக்கியதையும் பார்த்திருக்கிறேன். ரயில் அவருக்காகக் காத்திருக்கவில்லை.

இதைவிடப் பெரிய சிக்கல் முதல் வருடத்தில் வரும். நுழைவு விசா பலருக்கும் மூன்று முதல் ஆறு மாதத்துக்குத்தான் கிடைக்கும். வெளிநாட்டவர் அலுவலகத்தில் நேரம் கிடைத்து, விண்ணப்பித்து, அட்டை அச்சாகி வர மாதக்கணக்கில் ஆகும் நகரங்கள் உண்டு. விசா முடிந்து அட்டை வராத நடுக்காலத்தில் ஃபிக்சியோன்ஸ் என்று தொடங்கும் நீண்ட பெயரில் ஒரு தற்காலிகச் சான்றிதழ் கொடுப்பார்கள். அதில் குடியிருப்புச் சட்டத்தின் 81ஆம் பிரிவில் எந்த உட்பிரிவுக்கு நேராகக் குறி போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். நான்காவது உட்பிரிவு என்றால் பழைய உரிமை தொடர்வதாகப் பொருள், வெளியே போய்த் திரும்ப நுழையலாம். மூன்றாவது என்றால் அந்தச் சான்றிதழை நம்பி வெளிநாடு போகக் கூடாது. எதுவாக இருந்தாலும், அதை வைத்து வேறு ஒரு நாட்டுக்குப் போகும் முன் அதிகாரியிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. மற்ற நாட்டு எல்லைக் காவலருக்கு அந்தத் தாள் பழக்கமில்லாததாக இருக்கலாம். அதனால்தான் முதல் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு உள்நாட்டிலேயே சுற்றுங்கள் என்று எல்லோருக்கும் சொல்வேன். விசா முடிவதற்கு முன் விண்ணப்பித்தே ஆக வேண்டும், அது தவறினால் எல்லாமே தலைகீழ். இன்னொன்று: தொடர்ந்து ஆறு மாதத்துக்கு மேல் ஜெர்மனிக்கு வெளியே இருந்துவிட்டால் குடியிருப்பு உரிமையே காலாவதியாகிவிடும், முன்கூட்டி நீட்டிப்பு வாங்கியிருந்தால் தவிர.

பணத்துக்கு வருவோம். விசாவுக்காக முடக்கு கணக்கில் (மாதத்துக்கு இவ்வளவுதான் எடுக்கலாம் என்று பூட்டிவைக்கும் வங்கிக் கணக்கு) காட்டும் தொகை 2024 செப்டம்பர் முதல் வருடத்துக்கு 11,904 யூரோ, அதாவது மாதம் 992. இது உயிர் வாழ்வதற்கான பணம். மியூனிக், ஃப்ராங்ஃபர்ட் போன்ற ஊர்களில் வாடகையே இதில் பெரும்பங்கை விழுங்கிவிடும். லைப்ஸிக், கெம்னிட்ஸ் பக்கம் கொஞ்சம் மிஞ்சும். பயணச் செலவு பெரும்பாலும் வேலையிலிருந்துதான் வர வேண்டும். 2024 மார்ச் முதல் வருடத்துக்கு 140 முழு நாளோ 280 அரை நாளோ வேலை செய்யலாம். பல்கலைக்கழகத்திலேயே ஹிவி எனப்படும் மாணவ உதவியாளர் வேலை இந்தக் கணக்கில் சேராது. 2026 ஜனவரியிலிருந்து குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 13.90 யூரோ. வகுப்புக் காலத்தில் வாரம் 20 மணி நேரத்தைத் தாண்டினால் காப்பீட்டு விதிகள் மாறிவிடும், தாண்டாதீர்கள். பலர் செய்வது, ஆகஸ்டு முழுக்க வேலை செய்துவிட்டு செப்டம்பர் முதல் பாதியில் கிளம்புவது. அப்போது ஐரோப்பியர்களின் கோடை விடுமுறையும் முடியும் தறுவாயில் இருக்கும், தங்குமிடம் விலை இறங்கும், வெயிலும் இதமாக இருக்கும்.

யாரும் அதிகம் சொல்லாத ஒரு வழி, நீங்கள் இல்லாத மாதத்துக்கு அறையை உள்வாடகைக்கு விடுவது. செமஸ்டர் இடைவெளியில் இன்டர்ன்ஷிப்புக்கு வரும் மாணவர்கள் ஒன்றிரண்டு மாதத்துக்கு அறை தேடி அலைவார்கள். வீட்டு உரிமையாளரின் அனுமதி எழுத்தில் வேண்டும், விடுதி என்றால் அதன் நிர்வாகத்தின் அனுமதி. வாடகைக்கு மேல் லாபம் பார்க்க நினைக்காமல் இருந்தால் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். ஒரு மாத வாடகை மிச்சமானால் அதுவே ஒரு பயணம்.

கிளம்பும் முன் தபால்பெட்டிக்கு ஒரு ஆளை ஏற்பாடு செய்யுங்கள். ஜெர்மனி இன்னும் கடிதத்தில் ஓடும் நாடு. வங்கி, காப்பீடு, வெளிநாட்டவர் அலுவலகம் எல்லாமே தாளில்தான் பேசும். அரசு அலுவலகத்திலிருந்து மஞ்சள் உறையில் ஒரு கடிதம் வந்தால் அதைத் தபால்காரர் உங்கள் பெட்டியில் போட்ட நாளிலிருந்தே பதில் சொல்லும் கெடு ஓடத் தொடங்கிவிடும். லிஸ்பனில் கடல் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது காரணமாகாது. கூட வசிப்பவர் ஒருவர் உறையைப் படம் எடுத்து அனுப்பினால் போதும்.

பல ஐரோப்பிய நாடுகளின் ரயில்களில் ஒரே சீட்டில் ஏற உதவும் இன்டர்ரெயில் பாஸ் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். வெளிநாட்டுப் பாஸ்போர்ட் என்றால், ஐரோப்பாவுக்கு வெளியே வசிப்பவர்களுக்கான யூரெயில் பாஸ்தான் வாங்க வேண்டும் என்று ஒரு தவறான எண்ணம் உண்டு. பார்ப்பது குடியுரிமையை இல்லை, வசிக்கும் நாட்டை. ஜெர்மனியில் வசிக்கும் மாணவர் இன்டர்ரெயில் வாங்கலாம், 27 வயது வரை இளைஞர் விலை. ஆனால் வசிக்கும் நாட்டுக்குள் வெளியே போக ஒரு பயணம், திரும்பி வர ஒரு பயணம் மட்டுமே அதில் அடங்கும். பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின் அதிவேக ரயில்களில் இருக்கைக்குத் தனிக் கட்டணம் கட்ட வேண்டும், பாஸ் வாங்கும்போது இதைக் கூட்டிப் பார்க்காமல் வாங்கிவிடுகிறார்கள். ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து பக்கம் போவதாக இருந்தால் பாஸ் நன்றாக உதவும். மூன்று நாலு ஊர்தான் என்றால் தனித்தனி டிக்கெட்டே மலிவாக முடியலாம்.

மலிவு விமானங்களில் இரண்டு விஷயம். விமான நிலையம் எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் பாருங்கள். ஃப்ராங்ஃபர்ட்-ஹான் என்பது ஃப்ராங்ஃபர்ட்டிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர், மெம்மிங்கன் மியூனிக்கிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல், பாரிஸ் பெயரில் விற்கப்படும் போவே பாரிஸிலிருந்து 80 கிலோமீட்டருக்கு மேல். பேருந்துக் கட்டணம் விமானக் கட்டணத்தை மிஞ்சும் நாட்கள் உண்டு. இரண்டாவது, சில நிறுவனங்களில் ஐரோப்பியப் பாஸ்போர்ட் இல்லாதவர்கள் ஆவணத்தைக் கவுண்டரில் காட்ட வேண்டும். கைப்பை மட்டும்தான் என்று நேராக வாசலுக்குப் போய்விடாதீர்கள்.

மாணவர் அட்டையைக் காட்டினால் பல இடங்களில் கட்டணம் குறையும், இது தெரிந்ததே. அதைவிட அதிகம் பயன்படுவது குடியிருப்பு அட்டை. பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் வசிக்கும் 26 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அனுமதி இலவசம். வசித்தால் போதும், குடியுரிமை வேண்டாம். நேரச் சீட்டை மட்டும் முன்பதிவு செய்துவிட்டு, வாசலில் அட்டையைக் காட்டுங்கள். இதே நம்பிக்கையில் ரோம் போய் கொலோசியம் வாசலில் நின்றால் நடக்காது. இத்தாலியில் 18 முதல் 25 வயதினருக்கான 2 யூரோ சலுகை ஒன்றியக் குடிமக்களுக்கு. மியூனிக்கில் பினாகோதெக் அருங்காட்சியகங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை 1 யூரோதான், அங்கே யாரையும் எதுவும் கேட்பதில்லை. ஞாயிறு கடைகள் எல்லாம் பூட்டிக் கிடக்கும் நாட்டில் இது பெரிய உதவி. அன்றைக்குச் சாப்பாட்டுப் பொருள் தீர்ந்துபோனால் ரயில் நிலையக் கடைதான் கதி, விலையும் அதற்கேற்ப இருக்கும்.

காப்பீட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பொதுக் காப்பீட்டு அட்டையின் பின்பக்கம் ஐரோப்பியச் சுகாதார அட்டை. பல நாடுகளில் செல்லும், ஆனால் ஒன்றியத்துக்கு வெளியே உள்ள நாட்டுக் குடிமக்களுக்கு டென்மார்க், சுவிட்சர்லாந்து போன்ற இடங்களில் அதை நம்ப முடியாது. மலையில் விழுந்தால் ஹெலிகாப்டர் மீட்புச் செலவையும் அது பொதுவாக ஏற்காது. வெளிநாட்டுப் பயணக் காப்பீடு வருடத்துக்கு இருபது யூரோ அளவில் கிடைக்கிறது. எடுத்துவிடுங்கள்.

கடைசியாக, சுற்றிப் பார்ப்பது மட்டும் இல்லாமல் வேறு ஒரு நாட்டில் வாழ்ந்தே பார்க்க வேண்டும் என்று ஆசை இருந்தால் எராஸ்மஸ் என்ற ஐரோப்பிய மாணவர் பரிமாற்றத் திட்டத்தைப் பாருங்கள். 1987இல் தொடங்கியது. ஒன்றியக் குடிமக்களுக்கு மட்டும் என்று நினைத்து நம் மாணவர்கள் விண்ணப்பிப்பதே இல்லை. ஜெர்மன் பல்கலைக்கழகத்தில் முறையாகப் பட்டம் படிக்கும் எவரும் அதன் வழியாக ஒரு செமஸ்டர் வேறு நாட்டுக்குப் போகலாம், உதவித்தொகையும் உண்டு. ஜெர்மன் மாணவர் அனுமதியை வைத்துக்கொண்டே இத்தகைய திட்டத்தில் மற்ற ஒன்றிய நாட்டில் 360 நாள் வரை படிக்க வழி இருக்கிறது, அந்த நாட்டுக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். டென்மார்க்கும் அயர்லாந்தும் இந்த ஏற்பாட்டில் இல்லை. இங்கே எடுத்த பாடங்களை அங்கே ஏற்பார்களா, அங்கே எடுப்பதை இங்கே ஏற்பார்களா என்பதைக் கிளம்பும் முன்பே துறையில் கையெழுத்து வாங்கி உறுதி செய்துகொள்ள வேண்டும். விண்ணப்பம் பெரும்பாலும் குளிர்காலத்திலேயே, அடுத்த கல்வியாண்டுக்காக முடிந்துவிடும். அக்டோபரில் சேருகிறீர்கள் என்றால் நவம்பரிலேயே உங்கள் துறையின் ஒருங்கிணைப்பாளரைப் போய்ப் பாருங்கள். இரண்டாம் செமஸ்டரில் கேட்டால் முதுகலைப் படிப்பில் அதற்கு இடமே இருக்காது.